சுமையறிந்து செல்வோம்!

 

துல்கஃதா மாதப் பிறை தென்பட்டதும் தென்னகத்து முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சு எழும். "இந்த ஆண்டு ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு எப்படிப் போவது?" என்பதே அது. எத்தனை பேர், எத்தனை நாள், என்ன சமைப்பது, எங்கே தங்குவது என்றெல்லாம் கணக்குப் போடுவோம். ஆனால் நாம் ஏறிச் செல்லும் வண்டி எவ்வளவு சுமை தாங்கும், அதை ஓட்டுபவருக்கு அதற்குரிய உரிமம் உண்டா என்ற இரண்டு கணக்குகளை மட்டும் பெரும்பாலும் போடுவதில்லை. சென்ற முறை எங்கள் குடும்பம் இராமநாதபுரக் கடலோரத்துக்குச் சென்றபோது அவ்விரு கணக்குகளையும் போட்டுப் பார்த்தோம். அந்தப் பயணத்தின் கதையைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

புறப்படுமுன் எழுந்த பேச்சு

எங்கள் குடும்பத்தில் பெரியவர்களும் சிறுவர்களுமாக இருபத்தேழு பேர் புறப்பட ஆயத்தமானோம். எண்பது வயதைக் கடந்த எங்கள் பாட்டி, "மௌத்துக்கு முன்னால் ஒருமுறை ஏர்வாடியையும் இராமேஸ்வரத்துக் கடலையும் பார்த்துவிட வேண்டும்" என்று பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சமையலுக்குத் தேக்சாக்கள், அரிசி மூட்டைகள், பாய்கள், சமுக்காளங்கள் என்று சாமான்கள் வேறு.

வேன் வாடகையைக் கேட்ட என் மாமா மலைத்துப்போனார். "எதற்கு இவ்வளவு செலவு? நமக்குத் தெரிந்தவரிடம் குட்டியானை இருக்கிறது. மேலே தார்ப்பாய் கட்டி, கீழே பாய் விரித்துவிட்டால் ஆளும் சாமானும் ஒன்றாகப் போய்விடலாம். பாதிச் செலவுதான்" என்றார். வீட்டில் பலருக்கும் அது சரியென்றே பட்டது.

வாசகர்களே! "குட்டியானை" என்று நாம் செல்லமாக அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டி 2005ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தபோது அதற்கென வகுக்கப்பட்ட சுமை 750 கிலோ. இருபத்தேழு பேரின் சராசரி எடை 50 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 1,350 கிலோ ஆகிறது. தேக்சாவும் அரிசியும் இக்கணக்கில் சேரவில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்குச் சுமை! அந்த வண்டியின் பிரேக்கும் டயரும் வில்பட்டைகளும் 750 கிலோவுக்கென்று அமைக்கப்பட்டவை. சுமை இரட்டிக்கும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. கோடை வெயிலில் தார்ச்சாலையில் டயர் சூடேறி வெடிக்கும். உட்காருவதற்கு இருக்கையோ பிடித்துக்கொள்ளக் கம்பியோ இல்லாத தளத்தில் அமர்ந்திருப்பவர்கள் ஒரு வளைவில் ஒரே பக்கமாகச் சரிந்தால் வண்டியே சரிந்துவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவிலிருந்து திருமணம் ஒன்றுக்குச் சரக்கு வண்டியில் சென்றவர்கள் அப்படித்தான் கவிழ்ந்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் காலை இழந்தான். நஷ்டஈடு கேட்டுச் சென்றபோதுதான் இன்னொரு பேரிடி இறங்கியது. சரக்கு வண்டியில் ஏறிச் சென்றவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பாதுகாப்புக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டிக்காரரும் ஏழை. தம்மிடமிருந்த காணி நிலத்தை விற்றுக் கொடுத்தார். இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் நொடித்துப் போயின.

இது அந்த நிறுவனத்தின் பிடிவாதம் மட்டுமன்று. சரக்கு வாகனத்தில் இலவசமாகவோ கட்டணம் கொடுத்தோ பயணம் செய்வோருக்காக இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கின் உரிமையாளராகவோ அவருடைய பிரதிநிதியாகவோ சரக்குடன் செல்பவரின் நிலை வேறு. ஜியாரத்துக்கும் கல்யாணத்துக்கும் ஏறிச் செல்லும் நம் குடும்பத்தாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மிச்சப்படுத்திய பாதிச் செலவுக்கு நாம் எதைப் பணயம் வைக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தச் செய்தியை எடுத்துச் சொன்னதும் மாமா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, வேனுக்கே சொல்லிவிடு" என்றார். பெரியவர்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பதினேழு பேர் வேனில் வருவது, இளைஞர்கள் பத்துப் பேர் பேருந்தில் இராமநாதபுரம் வந்து சேர்ந்து அங்கிருந்து ஏர்வாடிக்கு வருவது என்று முடிவாயிற்று.

உரிமத்தைக் கேட்பது அவமதிப்பா?

வேன் உரிமையாளர் எங்களுக்கு நெடுநாள் பழக்கமானவர். பயண நாளில் தம் மகனை ஓட்டுநராக அனுப்பியிருந்தார். பையனுக்கு வயது பத்தொன்பது. நல்ல பிள்ளை, நன்றாகவும் ஓட்டுவான். அவனிடம் உரிமத்தைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆயினும் கேட்டேன். பதினெட்டு வயதில் எடுத்த கார் உரிமம் வைத்திருந்தான்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் கார் ஓட்டப் பதினெட்டு வயது போதும். ஆனால் வாடகை வேன், லாரி போன்ற போக்குவரத்து வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்ட இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். நான் அவனுடைய தந்தைக்குத் தொலைபேசியில், "பாய், தம்பி நன்றாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் சட்டம் இன்னும் ஓராண்டு பொறுக்கச் சொல்கிறதே! வழியில் ஏதேனும் நேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது உங்கள் பிள்ளையல்லவா?" என்றேன். மறுமுனையில் சிறிது மௌனம். அரைமணி நேரத்தில் அவரே வந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் மானாமதுரை தாண்டுவதற்குள், "நீங்கள் சொன்னது நல்லதுதான் பாய்" என்று அவரே சொல்லிவிட்டார்.

இங்கே உரிமத்தைப் பற்றிய சில செய்திகளை நீங்கள் அறிந்து வைத்திருப்பது பயன் தரும்.

இலகுரக மோட்டார் வாகனம், அதாவது எல்.எம்.வி., என்பதற்கு எல்லை 7,500 கிலோ. போக்குவரத்து வாகனமாயின் சுமையுடன் சேர்ந்த மொத்த எடையும், சொந்தக் காராயின் வெற்று எடையும் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இந்த எல்லை 6,000 கிலோவாக இருந்தது. எல்.எம்.வி. உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தையும் ஓட்டலாமா, அல்லது தனியாக "டிரான்ஸ்போர்ட்" என்ற குறிப்பு வேண்டுமா என்பது நெடுங்காலம் வழக்காக நடந்தது. தனிக்குறிப்புத் தேவையில்லை என்று 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கூறினர். 2024 நவம்பர் 6ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதனை உறுதி செய்தது. ஆனால் அந்த எல்லையைத் தாண்டிய பேருந்துக்கும் பெரிய லாரிக்கும் அந்த உரிமம் செல்லாது.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். தகுந்த உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், பாதிக்கப்பட்ட வழிப்போக்கருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியின் உரிமையாளரிடமிருந்து அதைத் திரும்ப வசூலிக்க வழியுண்டு. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பதும் தனிக் குற்றமே. 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி அதற்கு ரூ. 5,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் புரிந்தால் தந்தைக்கே மூன்றாண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் விதிக்கப்படலாம். "என் மகன் பத்தாவது படிக்கும்போதே கார் ஓட்டுகிறான்" என்று பெருமை பேசும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கடலோரச் சாலையில்

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமநாதபுரம் செல்லும் சாலை, முன்பு 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது; இன்று 87ஆம் எண். இருமருங்கிலும் சீமைக்கருவேல மரங்கள். வறண்ட கண்மாய்கள். ஆங்காங்கே பனைகள். இராமநாதபுரத்திலிருந்து தெற்கே திரும்பினால் கீழக்கரை. வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர். கல்லில் இழைத்த பழைய ஜும்ஆப் பள்ளியின் தூண்களைக் காண்பதற்கென்றே ஒருமுறை செல்லலாம். அங்கிருந்து மேற்கே சிறிது தூரத்தில் ஏர்வாடி. சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீத் அவர்கள் அடங்கிய தலம்.

இப்பகுதி மக்களுக்குச் சுமைக் கணக்கு புதிதன்று. மரக்கலத்தில் வணிகம் செய்த மரைக்காயர்களின் கரை இது. தோணியில் சரக்கு ஏறும்போது தண்டல் கரையில் நின்று கவனிப்பார். தோணியின் பக்கப்பலகை நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து, "போதும்" என்று அவர் சொன்னால் அதற்குமேல் ஒரு மூட்டை ஏறாது. சரக்குக்குச் சொந்தக்காரர் எவ்வளவு பெரிய செல்வராயினும் அங்கே தண்டலின் சொல்லே சட்டம். கடல் எவரிடமும் தயவு காட்டாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் வண்டிக்கும் அப்படியொரு கோடு உண்டு. அது வண்டியின் பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில், எழுதப்பட்டிருக்கிறது. அதில் வெற்று எடை என்றும் மொத்த எடை என்றும் இரண்டு எண்களைக் காண்பீர்கள். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றத்தக்க சுமை. எடுத்துக்காட்டாக மொத்த எடை 3,500 கிலோ, வெற்று எடை 2,300 கிலோ என்றிருந்தால் ஆட்களும் சாமான்களும் சேர்த்து 1,200 கிலோ மட்டுமே. பதினெட்டுப் பேர் ஏறினாலே ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். மீதம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றில் நிறுத்தி எடை பார்த்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பமே.

நடுவண் சட்டப்படி மொத்த எடையை மீறிச் சுமை ஏற்றினால் ரூ. 20,000 அபராதம். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. வாடகை வாகனத்தில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்றிய ஒவ்வொருவருக்கும் ரூ. 200. பணத்தைக் கட்டிவிட்டு அப்படியே போய்விடவும் இயலாது. கூடுதல் சுமையை இறக்கிய பிறகுதான் வண்டி நகரலாம். இரவு வேளையில் நெடுஞ்சாலையோரம் பெண்டு பிள்ளைகளுடன் இறங்கி நிற்கும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பாம்பன் பாலத்தின் மேல்

ஏர்வாடியில் இரண்டு நாட்கள் தங்கினோம். மூன்றாம் நாள் இராமேஸ்வரம் புறப்பட்டபோது வேனின் கூரைக் கேரியரில் இருந்த தேக்சாக்களையும் மூட்டைகளையும் தங்கியிருந்த வீட்டிலேயே இறக்கி வைக்குமாறு ஓட்டுநர் சொன்னார். "பாலத்தின் மேல் காற்று தள்ளும் பாய். மேலே பாரம் இருந்தால் வண்டி ஆடும்" என்பது அவர் சொன்ன காரணம். தண்டலின் சொல் போலவே அது எனக்குப் பட்டது.

உச்சிப்புளி, மண்டபம் தாண்டியதும் பாம்பன் பாலம். கடலுக்கு மேலே இரண்டேகால் கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமுள்ள இந்தச் சாலைப் பாலத்தை 1988 அக்டோபர் 2ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதற்கு முன் தீவுக்குச் செல்ல 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரயில் பாலமே வழி. அந்தப் பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு தானாகவே விழும் ஏற்பாடு இருந்தது. பல நூறு டன் எடையுள்ள ரயிலே நின்று செல்லும் இடத்தில், கூரையில் மூட்டை அடுக்கிய வேன் எம்மாத்திரம்? சுமை உயரே ஏற ஏற வண்டியின் நிலைத்தன்மை குறைகிறது. கனமானவை தளத்திலும், இலேசானவை மேலும் இருப்பதே முறை.

பாலத்தின் மேல் பலர் வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்க்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பாட்டியின் பொருட்டு எங்கள் வேன் மெல்லச் சென்றது. வடக்கே பாக் நீரிணை குளம்போல் அமைதியாகக் கிடந்தது. தெற்கே மன்னார் வளைகுடா அலையெறிந்தது. இவ்வூரார் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அழைப்பார்கள். பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம். கப்பல் வரும்போது 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக உயர்கிறது. பாட்டி சன்னல் கம்பியைப் பிடித்தபடி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் விரித்த சரக்கு வண்டியில், தார்ப்பாய்க்குள் அமர்ந்து வந்திருந்தால் அவர் என்ன கண்டிருப்பார்?

தீவில்

இராமேஸ்வரத்துப் பள்ளிவாசல் தெருவில் 1931ஆம் ஆண்டு பிறந்தவர் மேதகு ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். அவருடைய தந்தையார் ஜெயினுலாப்தீன், இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிச் சென்றவர். தாம் முன்னின்று கட்டிய படகைப் புயலுக்குப் பறிகொடுத்தவர். பயணியை ஏற்றிச் செல்வது எத்தகைய அமானிதம் என்பதை அக்குடும்பம் அறிந்திருக்கும். பேக்கரும்பில் கலாம் அவர்களின் நினைவிடம் 2017 ஜூலை 27ஆம் நாள் திறக்கப்பட்டது. அங்கே நின்று துஆ செய்துவிட்டுத் தனுஷ்கோடிக்குச் சென்றோம்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குப் பின் வீசிய பெரும்புயலில் பயணி ரயில் ஒன்றும் அதிலிருந்தோரும் கடலுக்கு இரையான இடம் அது. இடிந்த கட்டடங்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை கிடையாது. ஜீப்புகளிலும் வேன்களிலும் நெருக்கியடித்து மணலில் தள்ளாடிச் செல்வார்கள். அரிச்சல்முனை வரையிலான சாலையும் 2017ஆம் ஆண்டுதான் வந்தது. சாலை நன்றாயிற்று என்பதற்காக வேகம் எடுத்துவிடக் கூடாது. காற்று மணலை அள்ளிச் சாலையில் பரப்பும். அதன்மேல் டயர் வழுக்கும்.

சக்கரத்தின் மேல் வீடு

அரிச்சல்முனையில் வீடுபோல் அமைந்த வண்டி ஒன்றைக் கண்டோம். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. திரைப்பட நடிகர்களால் நமக்குப் பழகிய "கேரவன்"தான். சொல் நமக்கு அந்நியமன்று. கார்வான் என்ற பாரசீகச் சொல்லே ஐரோப்பாவுக்குச் சென்று கேரவனாகத் திரும்பியிருக்கிறது. ஒட்டகங்களில் பொருளேற்றிக் கூட்டமாகச் செல்லும் வணிகக் குழுவுக்கு அப்பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இளமையில் கதீஜா (ரலி) அம்மையாரின் வணிகக் குழுவை ஷாமுக்கு நடத்திச் சென்ற வரலாற்றை நாம் அறிவோம். மிகையாக வேலை வாங்கப்பட்டு வாடிய ஒட்டகத்தைக் கண்டு இரங்கி, அதன் உரிமையாளரை அவர்கள் கண்டித்த செய்தியும் நமக்குத் தெரியும்.

சொந்த உபயோகத்துக்கான இத்தகைய வண்டியை 2004ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் வைத்திருக்கிறது. காருக்குப் பின்னால் டிரெய்லராக இழுத்துச் செல்வதாயின் டிரெய்லருக்கும் தனியே பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரிலும் தெரிய வேண்டும். சுமையை டிரெய்லரின் பின்கோடியில் ஏற்றினால் ஓட்டத்தில் அது பாம்புபோல் நெளியத் தொடங்கி, இழுக்கும் காரையும் புரட்டிவிடும்.

பிரிட்டனில் வாழும் நம் உறவினர்கள் பலர் விடுமுறைக்குக் கேரவன் இழுத்துச் செல்கிறார்கள். அங்கே 1997 ஜனவரி 1ஆம் நாளிலிருந்து கார் உரிமம் பெற்றவர்கள் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்க வேண்டுமாயின், காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டும்போது தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டு, 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி தரப்பட்டது. ஆனால் தத்தம் கார் எவ்வளவு இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் குறித்த எல்லை அப்படியே இருக்கிறது. தேர்வை அரசு தளர்த்தலாம். இரும்பின் வலிமையை எந்த அரசும் தளர்த்த முடியாது.

திரும்பும் வழியில்

வாசகர்களே! அடுத்த பயணத்துக்கு நீங்கள் புறப்படுமுன் நான்கே காரியங்களைச் செய்யுங்கள். ஆர்.சி.யில் மொத்த எடையையும் இருக்கைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். ஓட்டுநரின் வயது, உரிம வகை, அது காலாவதியாகும் நாள் ஆகியவற்றைக் கேளுங்கள். டிஜிலாக்கரில் காட்டினாலும் போதும். இன்ஷூரன்ஸும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்று அறியுங்கள். ஆட்களைச் சரக்கு வண்டியிலும் டிராக்டர் டிரெய்லரிலும் ஏற்றாதீர்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வேன் உரிமையாளரிடம் நான் பட்ட கூச்சம் அரைமணி நேரம்தான் நீடித்தது. எங்கள் தெருச் சிறுவன் இழந்த கால் திரும்ப வரவில்லை.

ஊர் திரும்பிய அன்று இஷாத் தொழுகைக்குப் பின் மாமா பாட்டியிடம், "பயணம் எப்படியம்மா இருந்தது?" என்று கேட்டார். "போன இருபத்தேழு பேரும் வீடு வந்து சேர்ந்தோமே, அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் பாட்டி.

உங்கள் பயணங்களும் அவ்வாறே நிறைவு பெற வல்ல இறைவன் அருள்வானாக. ஆமீன்.